பொத்தானை அழுத்துவது இசையமைப்பு ஆகுமா?



அண்மைக் காலமாக நம் தமிழ்ப்பள்ளி விழாக்களில் ஒரு புதுப் பழக்கம் தலையெடுத்துள்ளது. ஆசிரியர் தினமாயினும் பரிசளிப்பு விழாவாயினும் ஒரு 'புதிய பாடல்' ஒலிபரப்பப்படுகின்றது. நான்கு வரிகளைத் தட்டச்சு செய்து செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கொடுத்தால், சற்று நேரத்திற்குள் மெட்டும் குரலும் மேளமும் சேர்ந்து வந்துவிடுகின்றன. ஒலிபெருக்கியில் அது முழங்க, "நம் மாணவர்கள் கணினியில் இசையமைத்த பாடல்" என்று அறிவிப்பாளர் பெருமிதத்தோடு சொல்கின்றார். அவையோர் கைதட்டுகின்றனர்.

அந்தக் கைதட்டலில் என்னால் கலந்துகொள்ள இயலவில்லை. இந்த மெட்டு இந்த இடத்தில் ஏன் மேலே ஏறியது, ஏன் இங்கே நின்றது என்று அம்மாணவனைக் கேட்டுப் பாருங்கள். விடை வராது. அவனுக்கு மட்டுமன்று, அவனுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கும் தெரியாது. தெரியாததை ஆக்கியதாகச் சொல்லிக்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்குகின்றோம். நான் கேட்ட ஒரு பாடலில் ழகரம் முழுவதும் லகரமாகியிருந்தது. தமிழ்ப்பள்ளி மேடையில் அதைத் திருத்தவும் ஒருவர் முன்வரவில்லை. திருத்துவதும் எளிதன்று; பெரும்பாலும் மீண்டும் பொத்தானை அழுத்தி வேறொன்று வருமா என்று காத்திருக்க வேண்டியதுதான்.

கணினியைக் கொண்டு இசையமைப்பது கூடாது என்று நான் சொல்லவில்லை. கூடும்; கூடுவதோடு நம் பள்ளிகளில் அது கட்டாயம் நடைபெற வேண்டும் என்பதே என் வாதம். ஆனால் அதற்கான கருவிகள் வேறு. பிள்ளை விதியை எழுத, கணினி அவ்விதியை ஒலியாக்கிக் காட்டும் கருவிகளே நமக்குத் தேவை. அவை பல ஆண்டுகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. நாம்தாம் அவற்றைத் தேடவில்லை.

படிமுறை இசையமைப்பு என்றால் என்ன?

நம் ஊர்க் கோயில்களிலும் வீடுகளிலும் கருநாடக இசை கற்கும் பிள்ளைகள் முதலில் பாடுவது மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்த சரளி வரிசையும் அலங்காரமும் ஆகும். திரிபுடை தாள அலங்காரத்தை எடுத்துக்கொள்வோம். 'ச ரி க ச ரி க ம' என்று தொடங்கும். அடுத்த வரி 'ரி க ம ரி க ம ப'. அதற்கடுத்தது 'க ம ப க ம ப த'. இதில் ஒரு விதி இருக்கின்றது. எந்தச் சுரத்தில் தொடங்கினாலும் மூன்று சுரம் ஏறு. தொடங்கிய இடத்திற்குத் திரும்பு. நான்கு சுரம் ஏறு. பின்னர் தொடக்கச் சுரத்தை ஒன்று உயர்த்தி மீண்டும் செய். இவ்வாறு ஐந்து வரிகளில் மேல் சட்சமத்தை அடைந்துவிடலாம்.

இவ்விதியை அறிந்த பிள்ளை ஐந்து வரிகளையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. விதி ஒன்று, வரிகள் ஐந்து. கணினி நிரலாக்கத்தில் இதனைச் சுழற்சிக் கட்டளை என்பர். விதிகளை வரிசையாக எழுதி அவற்றிலிருந்து இசையைப் பிறப்பிப்பதே படிமுறை இசையமைப்பு. பெயர் புதிது, செயல் நமக்குப் பழையது.

எவ்வளவு பழையது என்பதற்குச் சிலப்பதிகாரமே சான்று. ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு கன்னியரை நிறுத்தி, அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயர்களைச் சூட்டுகின்றாள். அவர்கள் வட்டமாக நின்று ஆடுகின்றனர். வட்டத்தில் தொடக்கம் எது? எவரையும் தொடக்கமாகக் கொள்ளலாம். தொடக்கத்தை மாற்றினால் பண் மாறும். குரலில் தொடங்கினால் செம்பாலை. துத்தத்தைக் குரலாகக் கொண்டால் படுமலைப்பாலை. உழையைக் கொண்டால் அரும்பாலை. இப்படி ஒரே வட்டத்திலிருந்து ஏழு பாலைகள் பிறக்கின்றன.

செம்பாலையை இன்றைய அரிகாம்போதி எனக் கொள்வர் இசையறிஞர் பலர். அதன் துத்தத்தைத் தொடக்கமாக்கினால் நடபைரவி கிடைக்கும்; உழையைத் தொடக்கமாக்கினால் சங்கராபரணம்; இளியில் கரகரப்பிரியா; விளரியில் தோடி; தாரத்தில் கல்யாணி. கைக்கிளையில் மட்டும் பஞ்சமம் அமையாது. ஐயமுள்ளவர்கள் தாளில் பன்னிரண்டு கட்டங்களை வரைந்து தாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

வடமொழி நூலாகிய சங்கீத ரத்னாகரத்தில், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சாரங்கதேவர் ஏழு சுரங்களை மாற்றி அடுக்கினால் 5,040 வரிசைகள் கிடைக்கும் என்று கணக்கிட்டார். அது மட்டுமன்று, இத்தனையாவது வரிசை எது என்று கேட்டால் முழுப் பட்டியலையும் எழுதாமலே கண்டுபிடிக்கும் முறையையும் வகுத்தார். 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி, மத்திமம் இரண்டு, ரி-க இணைகள் ஆறு, த-நி இணைகள் ஆறு எனப் பெருக்கி 72 மேளங்களை வரிசைப்படுத்தினார். இரண்டையும் ஆறையும் ஆறையும் பெருக்கத் தெரிந்த நான்காம் ஆண்டு மாணவனுக்கு இது விளங்காதா?

உலகம் செய்தது

1843ஆம் ஆண்டிலேயே, கணினி பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்னர், இங்கிலாந்தின் ஏடா லவ்லேசு அம்மையார் ஒரு கருத்தை எழுதினார். சுரங்களுக்கிடையே உள்ள உறவுகளை விதிகளாக எழுத முடிந்தால், கணக்கிடும் பொறி விரிவான இசையையும் இயற்றக்கூடும் என்பது அது. 1957இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெசாரன் இல்லரும் லெனர்டு ஐசக்சனும் நான்கு நரம்புக் கருவிகளுக்கான ஓர் இசைப்படைப்பை இல்லியாக் கணினியைக் கொண்டு உருவாக்கினர். கணினி எண்களைக் குத்துமதிப்பாக எடுத்துத் தரும், இசை விதிகளுக்குப் பொருந்தாதவை தள்ளப்படும், பொருந்தியவை நிற்கும்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு இந்தியாவில் இருக்கின்றது. 1980களின் தொடக்கத்தில் பிரித்தானிய இசை ஆய்வாளர் சேம்ஸ் கிப்பனும் பிரெஞ்சுக் கணினி அறிஞர் பெர்னார்டு பெல்லும், லக்னோ மரபின் தபேலா மேதை அபாக் உசைன் கானிடம் சென்றனர். தபேலாச் சொற்கட்டுகளுக்கு இலக்கண விதிகளை எழுதி, 'போல் புராசசர்' என்ற நிரலில் இட்டனர். அன்றைய சிறிய ஆப்பிள் கணினி அவ்விதிகளின்படி புதிய சொற்கட்டுகளைப் பிறப்பித்தது. உஸ்தாத் கேட்டு, இது முறை, இது முறையன்று என்று தீர்ப்பளித்தார். முறையன்று என்றால் விதி திருத்தப்பட்டது.

இங்கே யார் ஆசிரியர், யார் மாணவர் என்பதைக் கவனியுங்கள். பொறி மாணவனாக நின்றது. செவியும் மரபும் ஆசிரியனாக இருந்தன. நம் விழா மேடையில் நடப்பது நேர்மாறு. பொறி பாடுகின்றது, நாம் வாயடைத்து நிற்கின்றோம்.

எந்தக் கருவிகள்?

பள்ளிக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் போதும். பிள்ளை எழுதிய விதி கண்ணுக்குத் தெரிகின்றதா? தவறான சுரத்தை மட்டும் தனியே திருத்த முடிகின்றதா? காசில்லாத குடும்பத்துப் பிள்ளையும் பயன்படுத்த முடியுமா? பாடலை முழுதாகத் தந்துவிடும் செயலி முதலிரண்டு கேள்விகளிலேயே தோற்றுவிடுகின்றது.

முதலாவது ஸ்கிராட்ச். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகி 2007இல் வெளிவந்தது. நம் மாணவர்கள் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் கட்டளைக் கட்டங்களை அடுக்கிப் பூனையை நடக்க வைத்திருப்பார்கள். அதே ஸ்கிராட்சில் இசைக்கான நீட்டிப்பு ஒன்று உள்ளது. 60 என்ற எண்ணைச் சட்சமமாகக் கொள்ளுங்கள். 60, 61, 64, 65, 67, 68, 71, 72 என்று பட்டியலிட்டால் மாயாமாளவகௌளையின் ஏற்றம் ஒலிக்கும். 61ஐ 62 ஆகவும் 68ஐ 69 ஆகவும் மாற்றினால் சங்கராபரணம். இரண்டு எண்களை மாற்றியதும் இராகம் மாறுவதைக் காதால் கேட்ட பிள்ளை மேளகர்த்தாவை மறக்க மாட்டான்.

இரண்டாவது மியூசிக் பிளாக்ஸ். சுகர் லேப்ஸ் என்னும் தன்னார்வ அமைப்பைச் சேர்ந்தவர்கள் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள். இசைக்கென்றே அமைந்த கட்டங்கள். டோ ரே மீயோடு நம் ச ரி க ம வரிசையையும் ஏற்கின்றது. சுர இடைவெளிகளையும் நாமே அமைத்துக்கொள்ளலாம். இணைய உலாவியில் இயங்குவதால் எதையும் நிறுவத் தேவையில்லை.

மூன்றாவது சோனிக் பை. 2012இல் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் சாம் ஏரன் பள்ளிப் பிள்ளைகளை எண்ணியே உருவாக்கியது. இங்கே கட்டங்கள் இல்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். 60 என எழுதினால் ஒரு சுரம், 60.5 என எழுதினால் இரண்டு சுரங்களுக்கு இடைப்பட்ட நுண்சுரம். பன்னிரண்டு தானங்களுக்குள் அடங்காத நம் இசைக்கு இந்தப் புள்ளி பெரிய வாசல். ஆறாம் ஆண்டுக்கும் இடைநிலைப் பள்ளிக்கும் ஏற்றது.

நான்காவது ஸ்டுரூடல். அலெக்சு மெக்லீன் உருவாக்கிய டைடல் சைக்கிள்சு மொழியை உலாவிக்குள் கொண்டுவந்த கருவி. இதில் எல்லாமே சுழற்சிக் கணக்கு. தாள ஆவர்த்தனம் அறிந்த நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

இவற்றில் எதற்கும் கட்டணம் இல்லை. ஆனால் 'கோடிங்' என்ற பெயரில் நடத்தப்படும் தனியார் வகுப்பொன்றின் பாடத்திட்டத்தை ஒரு பெற்றோர் என்னிடம் காட்டியபோது வியந்தேன். இசை என்ற தலைப்பின் கீழ், ஆயத்தமாக உள்ள ஒலித்துண்டுகளை இழுத்து ஒட்டுவது மட்டுமே இருந்தது. ஒரு சுரம்கூட இல்லை. மாதந்தோறும் பணம் கட்டும் பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எழுதிய விதி எது என்று அடுத்த மாதம் கேளுங்கள்.

தடையும் விடையும்

'இவையெல்லாம் தேர்வுக்கு உதவுமா?' என்பது முதல் தடை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. அது வளர்த்த மனப்பான்மை இன்னும் நீங்கவில்லை. இருப்பினும் அவர்கள் மொழியிலேயே விடை சொல்கின்றேன். ஆதி தாளத்தில் எட்டு அட்சரம். அட்சரத்திற்கு நான்கு மாத்திரை என்றால் ஓர் ஆவர்த்தனத்தில் 32 மாத்திரை. 'ததிங்கிணதொம்' என்ற ஐந்து மாத்திரைச் சொற்கட்டை மூன்று முறை வாசித்து, இடையே இருமுறை இரண்டிரண்டு மாத்திரை விட்டு, அடுத்த ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில் சரியாக வந்து விழ வேண்டும். எங்கே தொடங்குவது? மூவைந்து பதினைந்து, ஈரிரண்டு நான்கு, கூட்டினால் 19. 32இல் 19 போக 13. ஆகவே 13 மாத்திரை கடந்தபின் தொடங்க வேண்டும். விடை தவறினால் சிவப்பு மையால் அடித்துக் காட்ட ஆசிரியர் தேவையில்லை, காதே காட்டிக்கொடுத்துவிடும். உறுமி மேளத்தின் அடியைக் கேட்டவுடன் மேசையில் தட்டத் தொடங்கும் நம் மாணவர்களுக்கு இதைவிட நல்ல கணிதப் பயிற்சி எது?

'இராகம் என்பது கணக்கு ஆகாது. கமகம் இல்லாத சுரம் பிணம்' என்பது இசை அறிந்தோர் எழுப்பும் தடை. இது மதிக்கத்தக்க தடை. தோடியின் காந்தாரத்தை நேராக ஒலித்தால் அது தோடி ஆகாது. அந்தக் குறையைப் பிள்ளை தன் காதால் கேட்கட்டும் என்பதே என் விடை. எண் சரியாக இருந்தும் இராகம் வரவில்லையே, ஏன் என்று அவன் கேட்கும் அந்த நொடியில்தான் கமகம் என்ற சொல்லுக்கு அவனுக்குப் பொருள் விளங்கும்.

இக்கேள்வியையே ஆராய்ந்தோரும் உள்ளனர். சென்னையில் எம். சுப்பிரமணியன் உருவாக்கிய 'காயகா' என்ற மென்பொருள், தட்டச்சு செய்த சுரக் குறிப்பைக் கமகத்தோடு இசைக்க முயன்றது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீகுமார் காரைக்குடி சுப்பிரமணியன் 2013இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, சுருக்கமான சுரக் குறிப்பிலிருந்து கணினி எவ்வாறு கமகங்களைப் பிறப்பிக்கலாம் என்பதைப் பற்றியதே. சிங்கப்பூர்! ஜொகூர் பாருவிலிருந்தும் மாசாயிலிருந்தும் ஸ்கூடாயிலிருந்தும் நம் பெற்றோர் விடியுமுன் எழுந்து பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்லும் அதே சிங்கப்பூர். நம் இசையைக் கணினிக்குக் கற்பிக்கும் ஆய்வு அக்கரையில் நடந்திருக்கின்றது. இக்கரையில் நாம் பொத்தானை அழுத்திக் கைதட்டிக்கொண்டிருக்கின்றோம்.

'தமிழில் கருவி இல்லையே' என்பது மூன்றாம் தடை. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற நிரல்மொழி இருக்கின்றது. அதைப் பற்றிய கட்டுரை 2009இலேயே வெளிவந்துவிட்டது. 'பதிப்பி', 'ஆக', 'முடி' என்று தமிழ்ச் சொற்களாலேயே கட்டளையிடலாம். எழில் இசைக்கென்று அமைந்ததன்று. ஆயினும் அலங்கார வரிசையை அச்சிடும் நிரலைத் தமிழிலேயே எழுத அது போதும். அச்சிட்டதைப் பிள்ளைகளே பாடட்டும். தமிழில் இல்லாதது கருவியன்று, பாட ஏடு. அதை எழுத வேண்டியவர்கள் நாம்.

'நாங்கள் ஆசிரியர்கள், இசை மேதைகளா, கணினி நிபுணர்களா?' என்பது கடைசித் தடை. 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டுச் சுரங்களைக் கணக்கிட்டுக் காட்டிய தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1947இல் அரங்கேறிய 'யாழ் நூல்' வழியாகப் பழந்தமிழ் யாழ்களைக் கணிதத்தால் மீட்டெடுத்த விபுலாநந்த அடிகளும் பள்ளியில் அறிவியல் கற்பித்தவர். அவர்களிடம் கணினி இல்லை. தாளும் எழுதுகோலும் இருந்தன. நம்மிடம் கணினிக் கூடம் இருக்கின்றது. கேள்வி மட்டும் இல்லை.

செய்ய வேண்டியது

மூன்று செயல்களை முன்வைக்கின்றேன்.

ஒன்று, செயலி தந்த பாடலை 'மாணவர் படைப்பு' என்று மேடையில் அறிவிப்பதை இன்றோடு நிறுத்துவோம். அலங்காரத்துக்குப் பின்னணி இசை வேண்டுமென்றால் ஒலிக்கட்டும். படைப்பு என்ற சொல்லை அதற்குக் கொடுக்க வேண்டா. பிறர் இசையைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட இத்தகைய செயலிகள் மீது அமெரிக்காவின் பெரிய இசைப்பதிவு நிறுவனங்கள் 2024இல் வழக்குத் தொடுத்ததையும் நினைவில் கொள்வோம். நேர்மையைக் கற்பிக்கும் இடம் பள்ளி.

இரண்டு, இசைக்கல்வி கற்பிக்கும் ஆசிரியரும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் ஆசிரியரும் ஒரு தவணைக்கு ஒரு முறையேனும் சேர்ந்து ஒரு பாடம் நடத்தட்டும். ஒருவருக்குச் சுரம் தெரியும். மற்றவருக்குச் சுழற்சிக் கட்டளை தெரியும். பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகளில் இருவரும் ஒரே ஆசிரியர் அறையில்தான் அமர்ந்திருக்கின்றனர்.

மூன்று, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் கருவி வாங்கப் பணம் திரட்டுவதற்கு முன்னர், இலவசமாகக் கிடைப்பதைப் பயன்படுத்தினீர்களா என்று எங்களைக் கேளுங்கள். அக்கேள்வியை நாங்கள் வரவேற்க வேண்டும்.

கணினி போதாத பள்ளிகளுக்கும் வழி உண்டு. திடலில் சுண்ணாம்பால் வட்டம் வரைந்து பன்னிரண்டு கட்டங்களாகப் பிரியுங்கள். செம்பாலைக்குரிய ஏழு கட்டங்களில் ஏழு மாணவர்களை நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு சுரப் பெயர் சூட்டுங்கள். எட்டாவது மாணவன் வட்டத்தைச் சுற்றி வந்து, தான் விரும்பிய ஒருவரைத் தொட்டு, "இங்கிருந்து தொடங்கு" என்று கட்டளையிடட்டும். அவர்கள் வரிசையாகப் பாடட்டும். கட்டளையிட்டவனுக்கு எந்தப் பண் பிறந்தது என்றும், ஏன் பிறந்தது என்றும் தெரியும். அவனைத்தான் இசையமைத்தவன் என்று மேடையில் அறிவிக்க வேண்டும்.